பழைய எக்ஸ்ரேயைக் கேட்டு வாங்கிப் பார்த்த மார்பு கிளினிக்

அப்பாவுக்கு 71 வயது. முப்பது வருசத்துக்கு மேல் தேயிலை ஃபெக்டரியில் வேலை, 1998இல் டி.பி. வந்து மாத்திரை போட்டுச் சுகமானவர், பீடியை விட்டுப் பத்து வருசம்தான் ஆகிறது. மார்கழிக் குளிரில் தொடங்கிய இருமல் மாசி முடிந்தும் நிற்கவில்லை. முதலில் டவுனில் ஒரு தனியார் இடத்துக்குத்தான் கூட்டிப்போனேன். எக்ஸ்ரே எடுத்துவிட்டு, "வலது பக்கம் மேலே பழைய தழும்பு, ஒன்றும் இல்லை" என்று இரண்டு நிமிசத்தில் அனுப்பிவிட்டார்கள். எத்தனை வருசத்துத் தழும்பு, முன்பு எப்படி இருந்தது என்று யாரும் கேட்கவில்லை, எனக்கு அது இன்னும் ஆறவில்லை.

அப்புறம் போனதுதான் நுரையீரல் நோய்களைப் பார்க்கும் அரசாங்க மார்பு கிளினிக். மாவட்டத்துக்கு மாவட்டம் இருக்கிறது, காசு கிடையாது, ஆனால் நம் ஆட்கள் பலர் அது டி.பி.க்காரர்களுக்கு மட்டும் என்று நினைத்து வெட்கப்பட்டுப் போவதில்லை. காலை ஏழு மணிக்குப் போய் நம்பர் எடுத்தோம், உள்ளே கூப்பிடப் பன்னிரண்டு ஆகிவிட்டது, வெளி பெஞ்சில் காற்று நேராக அடிக்கிறது, வயசானவர்களுக்கு ஸ்வெட்டரும் ஃபிளாஸ்க்கில் டீயும் கட்டாயம் வேண்டும். குறை அவ்வளவுதான்.

சளி எடுத்துப் பரிசோதித்தார்கள், டி.பி. திரும்பவில்லை. தாதி மிஸ் கேட்ட அடுத்த கேள்வி, "ஐயா, அந்தக் காலத்துப் படம் ஏதும் வீட்டில் கிடக்குதா?"

கிடந்தது. லயத்துக் காம்பிராவில், டிரங்குப் பெட்டிக்குள், அம்மாவின் கூறைச் சேலைக்கு அடியில், மண்ணிற உறைக்குள் 1998ஆம் வருசத்துப் படம். ஈரத்தில் உறை ஒரு மூலையில் ஒட்டியிருந்தது, கிழியாமல் பிரிக்க அரை மணித்தியாலம் ஆனது. டொக்டர் பழசையும் புதுசையும் வெளிச்சப் பெட்டியில் பக்கத்தில் பக்கத்தில் மாட்டி, பேனா நுனியால் தழும்பின் ஓரத்தை இரண்டிலும் மெதுவாகச் சுற்றிக் காட்டினார். ஒரே வடிவம்.

பிறகு அவர் தனக்குத் தெரிந்த தமிழில் சொன்னதை அப்படியே எழுதுகிறேன், எல்லாரும் தெரிந்துகொள்ள வேண்டியது. நுரையீரலில் தழும்பு விழுந்த பலருக்குப் புற்றுநோய் வருவதே இல்லை. ஆனால் தழும்பு இல்லாதவரை விட அவர்களுக்கு அபாயம் கூட. புண்ணாகி ஆறி, திரும்பப் புண்ணாகி ஆறும் இடத்தில் உயிரணுக்கள் ஓயாமல் பெருகும், அப்படிப் பெருகும்போது ஒன்று தவறிப்போனாலும் போதும். பீடி, சிகரெட் சேர்ந்தால் இன்னும் மோசம். காரணம் தெரியாமல் கீழ்ப்பக்கத்திலிருந்து பரவும் ஒரு தழும்பு நோய் உண்டு, ஐ.பி.எஃப். என்பார்கள், அதில் அபாயம் பல மடங்கு. இன்னொன்று, சில நேரம் தழும்பு முந்தியதே கிடையாது, புற்றுநோய்தான் தன்னைச் சுற்றித் தழும்பை உண்டாக்கிக்கொள்கிறது. எது முந்தியது என்று ஒற்றைப் படத்தைப் பார்த்துச் சொல்ல முடியாது, பழைய படம் வேண்டும். அந்தத் தனியார் இடத்தில் கேட்காமல் விட்டது இதைத்தான்.

இருந்தாலும் இருமல் நிற்காததால் கண்டிக்கு சி.டி. ஸ்கேனுக்குத் துண்டு தந்தார். அதில் தழும்புக்குக் கீழே 7 மில்லிமீற்றரில் ஒரு புள்ளி. எக்ஸ்ரேயில் அவ்வளவு சின்னது பெரும்பாலும் தெரியாதாம். பயந்துவிட்டோம். டொக்டர் அவசரப்படுத்தவும் இல்லை, சும்மா விடவும் இல்லை. இந்த அளவுப் புள்ளிகளில் பெரும்பாலானவை புற்றுநோய் இல்லை, ஆனால் வளர்கிறதா என்று பார்த்தே ஆகவேண்டும் என்று ஆறு மாசத்தில் அடுத்த ஸ்கேனுக்குத் திகதியைக் கிளினிக் கொப்பியில் எழுதிக் கையெழுத்துப் போட்டார். சளியில் இரத்தம் வந்தாலோ, மெலிந்தாலோ அதுவரை காத்திருக்காமல் உடனே வரச் சொல்லி, மிஸ் அப்பாவையே அதைத் திரும்பச் சொல்ல வைத்தார்.

எங்கே படம் எடுத்தாலும் ரிப்போர்ட் மட்டும் போதாது, படத்தையோ சீடியையோ கையில் கேட்டு வாங்குங்கள். அந்தத் தனியார் இடத்தில் நான் இரண்டு தரம் கேட்ட பிறகுதான் தந்தார்கள்.

புறப்படும்போது டொக்டர் அம்மாவையும் பார்த்தார். நாற்பது வருசமாக விறகடுப்புப் புகையில் நின்றவர், அவருக்கும் இருமல் இருக்கிறது. அடுத்த செவ்வாய் அம்மாவுக்கு நம்பர் எடுக்கப் போகிறேன்.