வேற்றுக்கோள் அறிவுயிர்: கோட்டாறும் சுவாமித்தோப்பும்

பூமிக்கு வெளியே அறிவுள்ள உயிர் இருப்பது உறுதியானால், குமரி மாவட்டத்தில் எந்த நம்பிக்கைக்கு நெருக்கடி அதிகம்? கோட்டாறு சவேரியார் ஆலயத்தில் ஜெபிப்பவர்களுக்குத்தான் என்பேன். கடவுள் மனிதனாகப் பிறந்து சிலுவையில் மரித்தது இந்தப் பூமியில், ஒரே முறை. அதனால் வந்த பாவ மீட்பு வேற்றுக்கோள் உயிர்களுக்கும் உண்டா? 2008இல் வத்திக்கான் வானாய்வக இயக்குநராக இருந்த ஹோசே ஃபூனஸ், அத்தகைய உயிரையும் சகோதரர் எனலாம், அவர்களுக்கு மீட்பே தேவைப்படாமலும் இருக்கலாம் என்றார். துணிச்சலான பதில், எனக்குப் பிடித்ததும் அதுதான்.

அய்யாவழியினரின் தலைமைப் பதி இருக்கும் சுவாமித்தோப்பில் சிக்கல் குறைவு. பள்ளியறை எனும் கருவறையில் சிலை கிடையாது, கண்ணாடிதான். முன்னே நிற்பவர் தனக்குள் இருக்கும் இறைவனைக் காண வேண்டும். எந்த முகம் வந்து நின்றாலும் இது பொருந்தும். சரி, கலியுகம் அழிந்து தர்மயுகம் வரும் என்ற கணக்கு அந்த உயிர்களுக்கும் உண்டா? அங்கே அய்யாவழியினரும் யோசிக்கத்தான் வேண்டும்.