பழைய ஃபோர்டு எக்ஸ்ப்ளோரர் வாங்கலாமா? ‘ரீகால் முடிந்தது’ என்றால் எது முடிந்தது?

அமெரிக்காவிலும் கனடாவிலும் பெரிய குடும்பத்துக்குப் பழைய வண்டி தேடுகிறவர்கள் கண்ணில் எக்ஸ்ப்ளோரர் படாமல் போகாது. மூன்று வரிசை இருக்கை, நெடுஞ்சாலையில் அலுங்காத ஓட்டம், அதே வயதுள்ள டொயோட்டா ஹைலேண்டரைவிடக் குறைந்த விலை. அந்த விலைக் குறைவின் காரணத்தில் ஒரு பங்கை வண்டிக்கு அடியில் குனிந்துதான் தேட வேண்டும். 2011–2019 வண்டி முன்சக்கர இழுவையை அடிப்படையாகக் கொண்டது. 2020இல் வந்தது பின்சக்கர இழுவை. பெயர்தான் ஒன்று, வண்டி வேறு. பாதுகாப்புப் புகார்களும் அப்படியே பிரிகின்றன.

புதியதிலிருந்து தொடங்கலாம். 2022 ஏப்ரலில் ஃபோர்டு அமெரிக்காவில் 2020–2022 மாடல்களில் சுமார் 2.5 லட்சம் வண்டிகளைக் குறை தீர்க்கத் திரும்ப அழைத்தது. இதுதான் ‘ரீகால்’. விசையைப் பின்சக்கரங்களுக்குப் பிரித்துக் கொடுக்கும் டிஃப்ரன்ஷியல் பெட்டியைப் பிடித்திருக்கும் கிடைமட்ட போல்ட் முறியலாம் என்பது குறை. ஆக்ஸிலரேட்டரை அழுத்தும்போதெல்லாம் சக்கரத்துக்குப் போகும் விசைக்கு எதிராக அந்தப் பெட்டி திமிறும். அந்தச் சுமை திரும்பத் திரும்ப ஏறி இறங்குவதில் போல்ட் களைத்து முறிகிறது. பெட்டி இடம் நகர்ந்தால், விசையை அதற்குக் கொண்டுவரும் தண்டான டிரைவ் ஷாஃப்ட் கழன்றுபோகலாம். ஓட்டத்தில் இழுவை போவது ஒரு ஆபத்து. நிறுத்திய பிறகு வருவது அதைவிடப் பெரியது. கியரை ‘பி’யில் (பார்க்) போட்டால் பூட்டிக்கொள்வது கியர்பாக்ஸ் மட்டுமே, அந்தப் பூட்டு பின்சக்கரத்தை எட்டுவது ஷாஃப்ட் வழியாக. இடையில் ஷாஃப்ட் கழன்றிருந்தால், சரிவில் ‘பி’யில் நிற்கும் வண்டி உருண்டு போகும்.

இதற்கு ஃபோர்டு முதலில் கொடுத்த வைத்தியத்தில் போல்ட்டை யாரும் தொடவில்லை. மின் பார்க்கிங் பிரேக் தானாகப் பிடிக்கும்படி மென்பொருளை மாற்றினார்கள். முறிவைத் தடுக்காமல், முறிந்தபின் வண்டி உருளாமல் பார்த்துக்கொள்ளும் ஏற்பாடு அது. ஓடிக்கொண்டிருக்கும்போதே பிரேக் பிடித்துக்கொண்டதாகப் புகார் வந்தபின், அமெரிக்க நெடுஞ்சாலைப் பாதுகாப்பு அமைப்பான என்எச்டிஎஸ்ஏ 2023 ஜூனில் அந்த வைத்தியத்தையே விசாரிக்கத் தொடங்கியது. அக்டோபரில் அதே குறைக்கு இரண்டாவது ரீகால் வந்தது: இம்முறை புஷ் என்ற அதிர்வு தாங்கும் வளையமும் பின் அச்சின் மூடியும் மாற்றப்படும். ஆகவே விற்பவர் “ரீகால் முடிந்தது” என்றால் சர்வீஸ் சீட்டைக் கேளுங்கள். அதில் மாற்றிய உதிரிபாகங்களின் பெயர் இருக்க வேண்டும். மென்பொருள் மட்டும் இருந்தால் பாதி வேலைதான் நடந்திருக்கிறது. பின்பக்கத்தில் கடும் சத்தமோ அதிர்வோ இருந்தால் ஓட்டிப் பார்க்கவே வேண்டாம். எந்த ஆண்டு வண்டியானாலும் நிறுத்தும்போது பார்க்கிங் பிரேக்கையும் சேர்த்துப் போடுவது நல்லது.

2013–2017 வண்டியில் பார்க்க வேண்டியது பின் சஸ்பென்ஷனின் டோ லிங்க். பின்சக்கரம் எந்தப் பக்கம் பார்த்து நிற்க வேண்டும் என்பதைத் தீர்மானிக்கும் தண்டு இது. உப்புத் தெளிக்கும் குளிர்பிரதேசச் சாலைகளில் ஓடிய வண்டிகளில் அருகிலுள்ள பால் ஜாயிண்ட் என்ற அசையும் மூட்டு துருவேறி இறுகிவிடும். அசைய வேண்டியது அசையாததால் வளைவுச் சுமை முழுவதும் டோ லிங்க்மேல் விழுந்து அது முறியும். பின்சக்கரம் தன் போக்கில் திரும்பும். 2021 ஜூலையில் இதற்காக உலகளவில் 7.7 லட்சம் வண்டிகள் வரை அழைக்கப்பட்டன. ஸ்டியரிங் நேராக இருக்கும்போது வண்டி வால் ஒதுங்கிப் போவது, பின்பக்கம் ‘டக்டக்’ என்ற சத்தம், ஒரு பின்டயர் மட்டும் ஓரம் தேய்ந்திருப்பது ஆகியவை அடையாளங்கள். ஒன்டாரியோ, மிச்சிகன் பக்கத்து வண்டியானால் லிஃப்ட்டில் ஏற்றாமல் வாங்காதீர்கள்.

அதிகம் பேசப்பட்டது கேபினுக்குள் வரும் புகை வாடை. 2011–2017 வண்டிகள் பற்றி 2016இல் தொடங்கிய விசாரணை, 6,500க்கும் மேற்பட்ட புகார்களுக்குப் பிறகு 2023 ஜனவரியில் ரீகால் இல்லாமலே மூடப்பட்டது. கார்பன் மோனாக்சைடு அளவு கூடுதலாக இருந்தவை பெரும்பாலும் போலீஸ் வண்டிகள்: விளக்கும் கம்பியும் பொருத்தத் துளையிட்டு, சரியாக அடைக்காமல் விட்டவை. பின்பக்கம் மோதலில் அடிபட்ட வண்டிகளும் உண்டு. ஏலத்தில் மலிவாக வரும் முன்னாள் போலீஸ் எக்ஸ்ப்ளோரரை இதனால்தான் தவிர்க்கச் சொல்கிறோம். மற்றவற்றில் டிக்கிக் கதவின் ரப்பர் சீல், பம்பருக்குப் பின்னால் மறைந்திருக்கும் காற்றுத் திறப்புகள், பழைய டிங்கரிங் தடயம் ஆகியவற்றைப் பாருங்கள். ஏசியை உட்சுழற்சியில் வைத்துக்கொண்டு ஏற்றத்தில் முழு ஆக்ஸிலரேட்டர் கொடுப்பது மோசமான சேர்க்கை. 2017இல் ஃபோர்டு இலவசமாகச் செய்த சர்வீஸிலும் சீல்களைச் சரிபார்ப்பதோடு, வேகமெடுக்கும்போது வெளிக்காற்று கூடுதலாக வரும்படி ஏசியை மாற்றியமைத்தார்கள். கார்பன் மோனாக்சைடுக்கு வாடை கிடையாது; வாடையே வரவில்லை என்பதை மட்டும் நம்ப முடியாது. பேட்டரியில் ஓடும் சிறு மீட்டரை வைத்துக்கொண்டு ஓட்டிப் பார்க்கலாம்.

பாதுகாப்பைவிடப் பர்ஸைக் கடிப்பது 3.5 லிட்டர் வி6 எஞ்சின். இதன் வாட்டர் பம்ப் எஞ்சினுக்குள்ளேயே, டைமிங் செயினால் சுற்றுகிறது. சீல் போனால் எஞ்சினைக் குளிர்விக்கும் திரவமான கூலண்ட் தரையில் சொட்டாமல் ஆயிலில் கலக்கலாம். பேரிங்குகள் வீணாகி எஞ்சினே போகும். ஆயில் அளவு பார்க்கும் டிப்ஸ்டிக்கில் பால் கலந்த காபி நிறம் தெரிந்தாலோ, கசிவே இல்லாமல் கூலண்ட் குறைந்தாலோ விலகிவிடுங்கள். பம்ப் விலை பெரிதல்ல. டைமிங் கவரைக் கழற்றும் கூலிதான் பெரிது. 2.3 லிட்டர் டர்போவில் பம்ப் வெளியே இருப்பதால் இந்தத் தொல்லை இல்லை.

நான்கு சக்கர இழுவையுள்ள 2011–2019 வண்டியில் பின்சக்கரங்களுக்கும் விசையை அனுப்பும் பவர் டிரான்ஸ்ஃபர் யூனிட் என்ற பெட்டி சூடான எக்ஸாஸ்டை ஒட்டி இருக்கிறது. அதன் ஆயில் சுமார் அரை லிட்டர்தான். அது கருகிக் கூழாகும். மாற்றிய பில் இருந்தால் விற்பவருக்கு ஒரு மதிப்பெண் கூட்டிக் கொடுக்கலாம்.

வாங்கும் முன் வண்டியின் 17 இலக்க அடையாள எண்ணான விஐஎன்னை என்எச்டிஎஸ்ஏ தளத்தில் போட்டுப் பாருங்கள். அங்கே தெரிவது இன்னும் செய்யாத ரீகால்கள் மட்டும். அதே தளத்தில் மாடல் ஆண்டுவாரியாக உரிமையாளர் புகார்களும் உண்டு. அவை யாரும் சரிபார்க்காதவை. எண்ணிக்கையைப் பார்த்து மிரளாமல், ஒரே பாகம், ஒரே மைல் அளவு, ஒரே அறிகுறி திரும்பத் திரும்ப வருகிறதா என்று படித்துவிட்டு, அந்தப் பாகத்தின் பெயரை மெக்கானிக்கிடம் எழுதிக் கொடுங்கள்.