திருவொற்றியூர் வெயிலில் இரண்டு கார்த் திரைகள்

என் வீடு திருவொற்றியூரில், அலுவலகம் பாரிமுனையில். காலையில் காசிமேடு, ராயபுரம் வழியாகத் தெற்கு நோக்கிப் போகிறேன். அந்த நேரத்து வெயில் கடல் பக்கமிருந்து, இடது ஜன்னல் வழியாக டாஷ்போர்டின் மேல் வந்து விழும். இடமிருந்து பட்ட ஒளி, பாட்டுக்கும் வரைபடத்துக்கும் அங்கே பொருத்திய தொடுதிரையில் தெறித்து வலப்பக்கம் உட்கார்ந்திருக்கும் என் கண்ணுக்குத்தான் வரும். திரை வாங்கும் முன் இதை நான் யோசிக்கவே இல்லை.

முதல் திரையை 2020 இறுதியில் பொருத்தினேன். ஒன்பது அங்குல ஆண்ட்ராய்டு திரை, சட்டகத்தோடு 9,500 ரூபாய். கடையின் நிழலில் பளிச்சென்று இருந்தது. சாலைக்கு வந்ததும் இடப்பக்கம் ஊர்ந்த கண்டெய்னர் லாரிதான் அதில் தெரிந்தது, வரைபடம் தெரியவில்லை. ஆகவே வாங்கப் போகிறவர்களுக்கு என் முதல் வேண்டுகோள்: ரேம் (திரையின் நினைவகம்) எவ்வளவு என்று கேட்பதற்கு முன், திரையைக் கடை வாசலுக்குக் கொண்டுவந்து வெயிலில் எரியவிட்டுக் காட்டச் சொல்லுங்கள்.

அடுத்தது பேட்டரி. நான்கு நாள் ஊருக்குப் போய்த் திரும்பி வந்தால் கார் கிளம்பாது. இரண்டு முறை பேட்டரியையே குறை சொன்னேன். பிறகு தண்டையார்பேட்டையில் ஒரு வயதான எலக்ட்ரீஷியன் மீட்டர் வைத்துப் பார்த்தார். சாவியை எடுத்த பிறகும் 0.3 ஆம்பியர் ஓடிக்கொண்டிருந்தது. திரை இருண்டிருந்தாலும் உள்ளே அது தூங்கவில்லை. ஒரு நாளைக்கு 7.2 ஆம்பியர் மணி. என் பேட்டரியின் மொத்தக் கொள்ளளவே 35. "மஞ்சள் வயர் எப்போதும் மின்சாரம் வரும் வழி, சிவப்பு வயர் சாவி போட்டால் மட்டும். இரண்டையும் தனித்தனியாகப் பார்த்து இணைக்கச் சொல்லுங்கள் தம்பி" என்றார். திரையை முழுதாக அணையும்படி மாற்றித் தந்தார். பேட்டரி பிழைத்தது, ஆனால் வேறொரு தொல்லை முளைத்தது. தினமும் காலையில் திரை விழித்தெழ அரை நிமிடத்துக்கு மேல் ஆனது. அதுவரை பின்பக்கக் கேமராவும் வராது. எங்கள் தெருவில் காரைப் பின்னோக்கி எடுத்துத்தான் வெளியே வர முடியும்; பள்ளிக்குப் போகும் பிள்ளைகள் குறுக்கே ஓடும் நேரமும் அதுதான். அந்த அரை நிமிடத்தை என்னால் ஏற்றுக்கொள்ள முடியவில்லை.

2022 ஏப்ரலில் அதைக் கழற்றிவிட்டு ஏழு அங்குலத் திரைக்கு மாறினேன். பெயர் பெற்ற கம்பெனியின் தயாரிப்பு, 24,000 ரூபாய். சொந்தமாக ஆப் எதுவும் ஓட்டாது. போனில் ஓடுவதைத் திரையில் காட்டும் ஆண்ட்ராய்டு ஆட்டோவும் கார்ப்ளேயும் மட்டும். வீட்டில் சிலர் "இவ்வளவு கொடுத்துச் சின்னதாக வாங்கினாயா?" என்று கேட்டார்கள். என் முடிவு சரியானது என்று இன்றும் உறுதியாகச் சொல்வேன். வரைபடமும் பாட்டும் போனில் ஓடுகின்றன, திரை அதைக் காட்டுகிறது, அவ்வளவுதான். போன் புதிதானால் காரில் தெரிவதும் புதிதாகிறது. முதல் திரைக்கு நான் வைத்திருந்த ஒன்றரை ஆண்டில் ஒரு அப்டேட்கூட வரவில்லை.

இன்னொரு மகிழ்ச்சி தமிழ் எழுத்து. பென்டிரைவிலிருந்து பாடினால் இந்தத் திரையிலும் தமிழ்ப் பெயர்கள் கட்டம் கட்டமாகத்தான் வருகின்றன. ஆண்ட்ராய்டு ஆட்டோ வழியே வரும்போது எழுத்துகளைப் போனே வரைந்து அனுப்புவதால், பாட்டின் பெயர் கொம்பும் காலும் சிதையாமல் தெரிகிறது. முன்னிருக்கையில் உட்காரும் அப்பா கண்ணாடியைச் சரிசெய்துகொண்டு ஒவ்வொரு பெயராக வாசிப்பார்.

ஒலியைக் கூட்டக் குறைக்க இதில் திருகும் குமிழ் உண்டு. மேடு பள்ளத்தில் கார் குலுங்கும்போது தொடுதிரையில் சின்ன அடையாளத்தைத் தேடுவது ஆபத்து. குமிழ் இருந்தால் கண் சாலையிலேயே இருக்கும். குமிழ் இல்லாத திரையை இனி நான் வாங்கமாட்டேன்.

பொருத்தும்போது பழைய வயர்களை வெட்டவிடாதீர்கள். வெட்டாமலேயே வயர்களை இணைக்க, உங்கள் காருக்கு ஏற்ற கப்ளர் தனியாகக் கிடைக்கிறது. சில நூறு ரூபாய்தான். முதல் கடையில் வெட்டி டேப் சுற்றியிருந்தார்கள். உப்புக் காற்றில் அந்த இணைப்புகள் பச்சை பூத்து, ஒரு ஸ்பீக்கர் விட்டுவிட்டுப் பாடியது. இரண்டாம் முறை அத்தனையையும் பிரித்துச் சாலிடர் வைக்க அரை நாள் போனது. கேமராவையும் மாற்ற வேண்டியிருந்தது. பழையது ஏஎச்டி என்ற கூடுதல் தெளிவுள்ள வகை, புதிய திரை சாதாரண அனலாக் கேமராவை மட்டுமே ஏற்கும். படம் வரவே இல்லை. திரை எந்த வகையை ஏற்கும் என்று முன்பே கேட்டிருந்தால் அந்தச் செலவு மிஞ்சியிருக்கும்.

குறை இல்லாமல் இல்லை. போனைக் கேபிளில்தான் இணைக்க வேண்டும். மட்டமான கேபிள் போட்டால் குண்டு குழியில் இணைப்பு அறுகிறது. இதுவரை மூன்று கேபிள் மாற்றிவிட்டேன். அக்னி நட்சத்திரத்தில் தெருவோரம் நின்ற காரில் முதல் சில நிமிடங்கள் தொடுதல் மந்தமாக இருக்கும், ஏசி ஓடியதும் சரியாகிவிடும். மழையில் சுரங்கப்பாதையில் தண்ணீர் தேங்கினால், வரைபடம் அதற்குள்ளேயே போகச் சொல்லும் நாளும் உண்டு. அங்கே திரையை நம்பாமல் முன்பே வேறு வழியில் திரும்பிவிடுகிறேன்.

புதிய கேமராவின் கண்ணாடியிலும் இப்போது உள்ளே பனி படரத் தொடங்கியிருக்கிறது. ஐப்பசி மழைக்கு முன் மாற்றிவிடுவேன். இந்த முறையும் அனலாக்தான்.