மேலே மூடுவதா, கீழே மூடுவதா?

கொழிஞ்சாம்பாறையில் டியூஷனுக்கு வரும் எம்.எஸ்சி. பிள்ளைகள் கோயிலை வலஞ்சுழியாகச் சுற்றிப் பழகியவர்கள்; காண்டூர் கணக்கிலோ (கலப்பெண் தளத்தில் மூடிய பாதை வழியே தொகையிடுவது) இடஞ்சுழிதான் பிளஸ். 1/(1+x²)ஐ மெய்க்கோடு முழுக்கத் தொகையிட, அந்தக் கோட்டை மேலேயோ கீழேயோ ஒரு பெரிய அரைவட்டத்தால் மூட வேண்டும்; எந்தப் பக்க அரைவட்டமும் ஆகும். மேலே மூடினால் இடஞ்சுழி: சார்பு வெடிக்கும் புள்ளியான i-யில் ரெசிட்யூ (அங்கே சார்பை விரித்தால் 1/(z−i)-இன் கெழு) 1/(2i), 2πi-ஆல் பெருக்க π. கீழே மூடினால் வலஞ்சுழி: −i-யில் ரெசிட்யூ −1/(2i), பெருக்குவது −2πi, அதே π. சுற்றும் திசையை மறந்தால் −π வந்து நிற்கும். எங்குமே நேர்மறையான சார்புக்குப் பரப்பு எப்படி மைனஸ் ஆகும்? அங்கேயே பிடிபட்டுவிடும்.

இரண்டும் ஒத்துவரும்போது என் ஓட்டு மேலே மூடுவதற்குத்தான். ஒரு மைனஸ் தொல்லை குறையும். ஆனால் தொகுதியில் eⁱˣ இருந்தால் விருப்பத்துக்கு இடமில்லை. கீழே இறங்க இறங்க (கற்பனைப் பகுதி y மைனஸில் போகப் போக) அதன் அளவு e⁻ʸ ஊதிப் பெருகும். மேலே மூடினால்தான் π/e கிடைக்கும். e⁻ⁱˣ என்றால் கீழேதான்.