மூன்று கணக்கு, ஒரு விற்பனையாளர்: ஈபேயில் 16 வருடம்

ஈபே ஏலத்தளத்தில் எனக்கு இப்போது இரண்டு விற்பனைக் கணக்குகள். கொஞ்சக் காலம் மூன்று இருந்தன. முதலாவதை 2009இல் லண்டனில் திறந்தேன். பிள்ளைகளுக்குச் சிறிதாகிப்போன சைக்கிள், பாவிக்காத கோப்பைகள் என்று வீட்டில் மிஞ்சியதை விற்பதற்காக. இரண்டாவது 2016இல், பழைய சிலோன் முத்திரைகளுக்கு. மூன்றாவது 2021இல், பழைய தபாலட்டைகளுக்கு. "இரண்டு கணக்கு வைத்திருக்கலாமா, கண்டுபிடித்தால் பூட்டிவிடுவார்களா?" என்று அடிக்கடி யாராவது கேட்கிறார்கள். ஒரு தடவை முழுதாக எழுதிவிடலாம் என்று தோன்றியது.

வைத்திருக்கலாம். ஈபே விதி அதைத் தடுக்கவில்லை. ஒவ்வொன்றுக்கும் வேறு மின்னஞ்சல் முகவரி வேண்டும், அவ்வளவுதான். தடுப்பது வேறு காரியங்களை. ஒரு கணக்கு முடக்கப்பட்டால் இன்னொன்றால் விற்கப் போவது, ஒரே பொருளை இரண்டு கணக்கிலும் நிலையான விலைக்குப் போடுவது, தன் பொருளுக்குத் தானே ஏலம் கேட்பது, இவை கூடாது. இரகசியமாக வைத்திருக்கலாம் என்று நினைக்கவும் வேண்டாம். பெயர், வீட்டு முகவரி, வங்கிக் கணக்கு எல்லாம் ஒன்றுதானே. ஒன்றில் பெரிய பிழை விட்டால் மற்றதும் சேர்ந்து போகும்.

பிரிட்டனில் என்னைப் போன்றவர்களுக்கு இரண்டு கணக்கு வசதிக்காக மட்டும் இல்லை. வீட்டுப் பொருளை விற்பவர் தனிநபர். விற்பதற்காகவே வாங்குபவர் வணிகர். வணிகர் தன்னைத் தனிநபர் போலக் காட்டி விற்பது இங்கே சட்டப்படி குற்றம். ஆரம்பத்தில் முத்திரைகளையும் முதல் கணக்கிலேயே விற்றேன். அப்பாவின் சேகரிப்பில் இரட்டையாக இருந்தவை என்பதால் அது சரி. ஆனால் ஏலங்களில் பெட்டி பெட்டியாக வாங்கி, பிரித்து விற்கத் தொடங்கியதும் நிலைமை மாறிவிட்டது. அப்போதுதான் இரண்டாவது கணக்கை வணிகக் கணக்காகத் திறந்தேன்.

இரண்டுக்கும் நடைமுறையில் நிறைய வித்தியாசம். 2024 ஒக்டோபரிலிருந்து தனிநபர் விற்பனைக்கு, வாகனங்கள் தவிர, விற்பனைக் கட்டணம் இல்லை. வணிகக் கணக்கில் உண்டு. வணிகரின் பெயரும் முகவரியும் ஒவ்வொரு பொருளின் கீழும் தெரியும். என் வீட்டு முகவரிதான் அது, பழகிக்கொள்ள எனக்குக் கொஞ்ச நாள் எடுத்தது. முக்கியமானது திருப்பி அனுப்பும் உரிமை. வணிகரிடம் இணையத்தில் வாங்கியவர், பொருள் கிடைத்து 14 நாளுக்குள் மனம் மாறினேன் என்று சொன்னாலே போதும், காரணம் கேட்க முடியாது.

முத்திரை விற்பவருக்கு இது சின்ன விஷயமில்லை. பிரிட்டிஷ் மன்னர் ஆறாம் ஜோர்ஜ் காலத்தில் 1938இல் வரத் தொடங்கிய சிலோன் தொடரை எடுங்கள். இறப்பர் பால் வெட்டும் காட்சி உள்ள 2 சதம் அதில் ஒன்று. அதே படம், அதே நிறம், ஆனால் ஓரத்துத் துளைகளின் எண்ணிக்கை வேறு. 2 சென்ரிமீற்றருக்குள் எத்தனை துளை என்று அளவுகோலில் வைத்துப் பார்த்தால்தான் எது எதுவென்று தெரியும். வகையைப் பொறுத்து விலையும் மாறும். திரும்பி வருவது நான் அனுப்பியதுதானா என்று எனக்கு எப்படித் தெரியும்? அதனால் ஒவ்வொன்றையும் அளவுகோலின் மேல் வைத்து ஒரு படம், பின்பக்கம் ஒரு படம் எடுத்துவிட்டுத்தான் உறையில் போடுகிறேன். முதல் கணக்கில் கோப்பை விற்கும்போது இந்த வேலை எதுவும் இல்லை. இரண்டும் ஒரே கணக்கில் இருந்திருந்தால் கோப்பைக்கும் கட்டணம், கோப்பைக்கும் 14 நாள்.

வரி விஷயத்தில் இரண்டு கணக்கு வைத்து எதுவும் மிச்சப்படாது. ஒரு வரி ஆண்டில் வணிகமாக வரும் 1,000 பவுண் வரைக்கான விலக்கு ஆளுக்குத்தான், கணக்குக்கு இல்லை. 2024 ஜனவரியிலிருந்து இப்படியான தளங்கள் விற்பனையாளர் விவரங்களைச் சேகரித்து வரித் திணைக்களத்துக்குக் கொடுக்க வேண்டும். வருடத்தில் 30 விற்பனை செய்தால் அல்லது சுமார் 1,700 பவுணைத் தாண்டினால் உங்கள் விவரம் அங்கே போகும். நான் இரண்டுக்கும் தனித்தனிக் கொப்பி வைத்திருக்கிறேன். வீட்டுப் பொருள் எது, வியாபாரம் எது என்று யாராவது கேட்டால் காட்ட அது போதும்.

ஏலத்தைப் பற்றிச் சொல்லியே ஆக வேண்டும். ஒரு ஞாயிறு இரவு யாழ்ப்பாணக் கோட்டை படம் போட்ட தபாலட்டை ஒன்று ஏலத்தில் இருந்தது. இரண்டு பேர் மாறி மாறிக் கேட்டார்கள், விலை 20 பவுணைத் தாண்டியது. மூன்றாவதாக ஒரு பெயர் வந்தது. பார்த்தால் என் மச்சான்! உண்மையிலேயே அவருக்கு அந்த அட்டை வேண்டும். எனக்கு உதவி செய்வதாகவும் நினைத்திருக்கிறார். உடனே தொலைபேசியில் பிடித்து, "அத்தான், கேட்டிருந்தால் நான் சும்மாவே தந்திருப்பேனே" என்றேன். அவர் கேட்ட தொகையை நானே நீக்கினேன். விலை இறங்கியது. அந்த ஏலம் 21 பவுணுக்கு முடிந்தது.

குடும்பத்தவர் ஏலம் கேட்டு விலையை ஏற்றுவதும் கள்ள ஏலம்தான். தனக்குத் தானே கேட்பது அதைவிட மோசம். 2010இல் பிராட்ஃபோர்ட் நீதிமன்றத்தில் ஒருவருக்கு 5,000 பவுண் அபராதமும் 250 மணி நேரச் சமூக சேவையும் விதித்தார்கள். தன் பொருட்களுக்குத் தன் இன்னொரு கணக்கால் ஏலம் கேட்டதுதான் குற்றம். இரண்டு கணக்கு வைத்திருப்பவர் இந்த ஒரு விஷயத்தில் விளையாடவே கூடாது. மற்றக் கணக்கால் உள்நுழைந்திருப்பதை மறந்து பொத்தானை அழுத்திவிடாமல் இருக்க, ஒவ்வொரு கணக்குக்கும் தனி உலாவி வைத்திருக்கிறேன்.

இனி மூன்றாவது கணக்கு. முத்திரை ஒரு கடை, தபாலட்டை ஒரு கடை என்று இருந்தால் வடிவாக இருக்கும் என்று நினைத்துத் திறந்தேன். என் பிழைதான் அது. இரண்டாவது கணக்கில் வாங்கியவர்கள் போட்ட நல்ல பின்னூட்டங்கள் நூற்றுக்கணக்கில் இருந்தன, இதில் பூச்சியம். கணக்குகளை இணைக்கவோ, பின்னூட்டத்தை மாற்றவோ வழியில்லை. அங்கே 15 பவுணுக்குப் போகும் அட்டை இங்கே 6 பவுணில் நின்றது. புதியவரை நம்பி யார் ஏற்றிக் கேட்பார்கள்?

அப்புறம் 2023 ஆவணியில் நல்லூர்த் திருவிழாவுக்கு ஊருக்குப் போனோம். முதல் இரண்டு கணக்கிலும் விடுமுறை அறிவிப்புப் போட்டேன். மூன்றாவதில் மறந்துவிட்டேன். நல்லூரில் தேர் பார்த்துவிட்டு வந்து தொலைபேசியைத் திறந்தால் இரண்டு விற்பனை, ஏழு நாளாகக் கேட்பாரில்லாமல் கிடந்தன. ஒருவருக்குப் பணத்தைத் திருப்பினேன், மன்னித்துவிட்டார். மற்றவர் எதிர்மறைப் பின்னூட்டம் போட்டார். அவர் செய்தது நியாயம். 41 பின்னூட்டத்தில் ஒன்று எதிர்மறையானால் நல்லவை 97.6 வீதம். பெரிய கணக்கில் அது கண்ணுக்கே தெரியாது, சின்னக் கணக்கில் ஒரு வருடம் முழுக்க நெற்றியில் நிற்கும்.

மெல்பேர்னில் ஓர் அக்கா இரண்டு கணக்கிலும் வாங்குவார். முத்திரைக்கு ஒரு தபால் செலவு, அட்டைக்கு இன்னொன்று. இருவரும் ஒரே ஆள் என்று அவருக்குத் தெரியாது. அனுப்புநர் முகவரியைப் பார்த்துத்தான் கண்டுபிடித்தார். "தம்பி, ஒரே வீட்டிலிருந்து எனக்கு ஏன் இரண்டு உறை?" என்று எழுதினார். அதற்கு என்னிடம் பதில் இல்லை.

2024இல் மூன்றாவதை மூடினேன். தபாலட்டைகள் இப்போது வணிகக் கணக்கின் கடையில் ஒரு தனிப் பிரிவு. போன வாரம் அந்த அக்கா நான்கு முத்திரையும் திருகோணமலை அட்டை ஒன்றும் வாங்கினார். ஒரே உறையில், கடின அட்டை இரண்டுக்கு நடுவே வைத்து, செவ்வாய்க்கிழமை அனுப்பினேன்.