ஹுவாரெஸில் ‘ஷெல்டர்’ சேவை: ஓசூர் கம்பெனிக்கு ஒத்து வருமா?

அமெரிக்க வாகன நிறுவனங்களுக்குக் காஸ்டிங், மெஷினிங் பாகங்கள் செய்து அனுப்பும் ஓசூர் சிப்காட் கம்பெனிகளிடம் “மெக்சிகோவில் ஒரு லைன் போடுங்கள்” என்று வாடிக்கையாளர் கேட்டால், முதலில் வந்து நிற்பவர்கள், தங்கள் உரிமத்தின் கீழ் வெளிநாட்டுக் கம்பெனிக்கு அங்கே உற்பத்தி நடத்த இடம் கொடுக்கும் ஷெல்டர்காரர்கள்தான். டெக்சாஸின் எல் பாசோவுக்கு எதிர்க்கரையில் இருக்கும் சியுடாட் ஹுவாரெஸில் இந்தச் சேவை நன்றாக வேரூன்றியிருக்கிறது.

நீங்கள் அங்கே கம்பெனி பதிய வேண்டாம். ஷெல்டர் நிறுவனத்தின் ‘இம்மெக்ஸ்’ (ஏற்றுமதி உற்பத்திக்கான மெக்சிகோ அரசின் தற்காலிக இறக்குமதித் திட்டம்) உரிமத்தின் கீழ் உற்பத்தி நடக்கும். ஆள் எடுப்பது, சம்பளம், சமூகக் காப்பீடு, சுங்கம், ஷெட் வாடகை எல்லாம் அவர்கள் பொறுப்பு. இயந்திரம், மூலப்பொருள், தரம், ரிஜெக்ஷன் உங்கள் தலையில். உள்ளே நுழைய இதைவிடச் சுலபமான வழி இல்லை. ஆனால் அவர்கள் விற்பது தொழிற்சாலையை அல்ல, உரிமத்தையும் காகித வேலையையும். அந்தக் காகித வேலையைத்தான் குடைந்து பார்க்க வேண்டும்.

அந்த ஊரே அப்படி வளர்ந்ததுதான். மெக்சிகோ விவசாயக் கூலிகளை அமெரிக்கா அழைத்துக்கொண்ட திட்டம் 1964-இல் முடிந்தது. வேலையிழந்து திரும்பியவர்களுக்காக 1965-இல் எல்லைத் தொழில்மயத் திட்டம் வந்தது. பாகங்கள் வரியில்லாமல் உள்ளே வரும், பூட்டி முடித்ததும் பாலம் தாண்டித் திரும்பிப் போகும். இன்று சுமார் 15 லட்சம் மக்கள்; வயர் ஹார்னஸ், மருத்துவக் கருவி, மின்னணுப் பொருள் எல்லாம் அங்கே உருவாகின்றன. 2022 இறுதியில் எல் பாசோவோடு ஒத்துப்போகக் கடிகாரத்தையே மாற்றிக்கொண்ட ஊர் அது!

நம்மவர்கள் சறுக்குவது வரியில். இம்மெக்ஸில் மூலப்பொருள், இறக்குமதி வரியைத் தள்ளிவைத்து, 18 மாதம்வரை தற்காலிக இறக்குமதியாக இருக்கலாம். நம் ஜாப் ஒர்க் சலானுக்கு உள்ள ஓராண்டுக் கெடுவைப் போலத்தான். ஆனால் ஓசூரிலிருந்து போகும் காஸ்டிங், வட அமெரிக்க மூலப்பொருள் அல்ல. முடித்த பாகம் டி-மெக் (அமெரிக்கா, மெக்சிகோ, கனடா வர்த்தக ஒப்பந்தம்) சலுகையில் அமெரிக்காவுக்கு வரியின்றிப் போனால், மெக்சிகோ தள்ளிவைத்த வரி பாயும். மெக்சிகோ வரி, அமெரிக்காவில் கட்டிய வரி இரண்டில் எது குறைவோ அந்த அளவுக்கே விலக்கு. அங்கே சுழியம் என்றால் விலக்கும் சுழியம். இந்தியாவோடு மெக்சிகோவுக்குத் தடையற்ற வர்த்தக ஒப்பந்தம் இல்லை. 2026 ஜனவரி முதல் ஒப்பந்தமில்லா நாடுகளின் பல பொருள்களுக்கு 50 சதவீதம்வரை வரி ஏறியிருக்கிறது. எனவே உங்கள் பாகத்தின் சுங்கக் குறியீட்டைக் கொடுத்து, வரிவிகிதத்தைக் குறைக்கும் ‘ப்ரோசெக்’ பதிவு அந்தத் துறைக்கு ஷெல்டரிடம் இருக்கிறதா என்று எழுத்தில் வாங்குங்கள். 16 சதவீத ஐ.வி.ஏ. (மெக்சிகோவின் மதிப்புக் கூட்டு வரி) வரியை இறக்குமதியின்போது கையிலிருந்து கட்டாமல் இருக்க, அதற்கான சான்றிதழும் அவர்களிடம் நடப்பில் இருக்க வேண்டும்.

கூலி மலிவு என்ற பழைய கணக்கை விட்டுவிடலாம். 2025-இல் எல்லைப் பகுதிக் குறைந்தபட்சக் கூலி ஒரு நாளைக்கு 419.88 பெசோ, நாட்டின் மற்ற இடங்களில் 278.80. டிசம்பர் 20-க்குள் குறைந்தது 15 நாள் சம்பளம் போனஸாகத் தர வேண்டும். அதை வாங்கிக்கொண்டு ஊருக்குப் போகிறவர்களில் பலர் ஜனவரியில் வேறு கேட்டில் நிற்பார்கள். பாலக்கோட்டிலும் ராயக்கோட்டையிலும் கம்பெனி பஸ் விட்டு ஆள் பிடிப்பது போல அங்கேயும் பஸ்ஸும் கேன்டீனும் இல்லாமல் ஷிஃப்ட் ஓடாது. தலைக்கு இவ்வளவு என்று கட்டணம் கேட்டால், வராத ஆளுக்கும் புதிதாகப் பழகும் ஆளுக்கும் கட்டணம் உண்டா என்று கேளுங்கள். சரியான பதில் வராத இடத்தில் கையெழுத்து வேண்டாம்.

சரக்குக் கணக்கு முறையான ‘அனெக்ஸ் 24’-ஐ மாதாமாதம் உங்களுக்கு அனுப்புவதை ஒப்பந்தத்திலேயே சேர்த்துவிடுங்கள். ஸ்கிராப் எடை அதில் ஏறாவிட்டால், வெளியே போகாத சரக்காகவே அது நிற்கும். 18 மாதம் கழித்து அபராதம் வரும். பின்னால் சொந்த உரிமம் எடுத்துப் பிரியும்போது, ஒவ்வொரு இயந்திரத்தையும் அதன் சுங்க ஆவணத்தோடு மாற்ற வேண்டும். சீரியல் எண்ணில் ஓர் எழுத்து பிசகினாலும் அந்த மெஷின் நகராது. ஓசூரில் கன்டெய்னர் ஏற்றும்போதே எண் தகட்டைப் படம் எடுத்து, பேக்கிங் லிஸ்டோடு ஒப்பிட்டு அனுப்புங்கள்.