லேடெக்கில் அளவு மாற்றல், சுழற்றல், வெட்டல்: கிராஃபிக்-எக்ஸ் தொகுப்பின் நீண்டகாலப் பயன்பாடு

கட்டளைகளால் ஆவணத்தை அச்சுக்கு அமைக்கும் மென்பொருளான லேடெக்கில் படம் சேர்க்க இன்றும் கிராஃபிக்-எக்ஸ் தொகுப்பே போதும். அதன் மேல் வரும் புகார்களில் பெரும்பாலானவை ஒரே இடத்தில் தொடங்குகின்றன. லேடெக்குக்குப் படம் என்பது வெறும் பெட்டி. அந்தப் பெட்டிக்கு அகலமும், எழுத்து அமரும் கோட்டுக்கு மேலே உயரமும், கீழே ஆழமும் உண்டு. இதை மனத்தில் வைத்துக்கொண்டால் தொகுப்பின் நடத்தை முழுவதும் கணிக்கக்கூடியதாகிவிடும்.

முதலில் வரிசை. படத்தைச் சேர்க்கும் இன்க்ளூட்கிராஃபிக்ஸ் கட்டளையில் அளவும் சுழற்சியும் இடமிருந்து வலமாகவே செயல்படும். 16 செ.மீ. அகலம், 8 செ.மீ. உயரம் கொண்ட படத்துக்கு விட்த் (அகலம்) 8 செ.மீ. கொடுத்துவிட்டுப் பிறகு ஆங்கிள் (சுழற்சிக் கோணம்) 90 கொடுத்தால், படம் 8-க்கு 4 ஆகச் சுருங்கிப் பின் திரும்பும். பக்கத்தில் அகலம் 4, உயரம் 8. ஆங்கிளை முன்னால் போட்டால் திரும்பிய பிறகு அகலம் அளக்கப்படும். அகலம் 8, உயரம் 16. சுழற்றும்போது ஆங்கிளை முதலில் எழுதுவதே நல்ல பழக்கம். பக்கத்தில் என்ன அளவு வேண்டுமோ அதையே எழுதலாம்.

ஆங்கிளில் மைனஸ் 90 கொடுத்து, அடுத்து ஹைட் (உயரம்) கொடுத்தால் பூஜ்ஜியத்தால் வகுத்தல் என்ற பிழை வரும். படம் இடதுகீழ் மூலையை மையமாகக் கொண்டு கடிகாரத் திசையில் திரும்பி முழுவதும் கோட்டுக்குக் கீழே போய்விடுவதால் உயரம் 0, எல்லாமே ஆழம். ஹைட்டுக்குப் பதில், உயரத்தையும் ஆழத்தையும் சேர்த்து அளக்கும் டோட்டல்ஹைட் எழுதினால் சரியாகும். சுழற்சி மையத்தைக் குறிக்கும் ஒரிஜினில் சி என்று கொடுத்தால் படம் தன் நடுவைச் சுற்றித் திரும்பும்; வரிக்குள் வரும் சிறு குறிகளுக்கு அதுதான் அழகு.

வெட்டுவதில்தான் அதிகம் தடுமாற்றம். ஓரங்களை வெட்டும் டிரிம் விருப்பம் நான்கு எண்களை இடம், கீழ், வலம், மேல் என்ற வரிசையில் கேட்கும். அலகு எழுதாவிட்டால் அங்குலத்தில் 72-ல் ஒரு பங்கு என்று எடுத்துக்கொள்ளும். இந்த அளவு மூலப் படத்துக்கு உரியது, சுருக்கிய படத்துக்கு அல்ல. 300 டிபிஐ (அங்குலத்துக்கு 300 பிக்சல்) என்று குறிக்கப்பட்ட கோப்பில் 200 பிக்சல் நீக்க வேண்டுமானால் 200-ஐ 72-ஆல் பெருக்கி 300-ஆல் வகுக்க வேண்டும்: 48. நேராக 200 என்று எழுதிவிட்டுப் பாதிப் படத்தைக் காணோம் என்று தேடுவது வழக்கம். கூடவே, பெட்டிக்கு வெளியே உள்ளதை மறைக்கும் கிளிப் விருப்பத்தை எழுத மறந்தால் பெட்டி மட்டும் சிறியதாகும். வெளியே நிற்கும் பகுதி பக்கத்து வரிகளின் மேல் ஏறி நிற்கும்.

இதைவிட முக்கியமானது: கிளிப் எதையும் அழிப்பதில்லை, மறைக்கிறது. முழுப் படமும் பிடிஎஃப் கோப்புக்குள் அப்படியே இருக்கும். கோப்பின் எடையும் குறையாது. மறைத்த பகுதியை யார் வேண்டுமானாலும் வெளியே எடுக்கலாம். அடையாள அட்டை எண், மருத்துவ அறிக்கையில் உள்ள பெயர் போன்றவை இருந்தால் முதலில் கிம்ப் போன்ற மென்பொருளில் வெட்டி, புதிய கோப்பாகச் சேமித்து, அதைத்தான் சேர்க்க வேண்டும். இதில் சமரசமே கூடாது.

எழுத்துக்கு, பெருக்கெண்ணால் அளவு மாற்றும் ஸ்கேல்பாக்ஸ், குறித்த அகல உயரத்துக்கு இழுக்கும் ரீசைஸ்பாக்ஸ் இரண்டும் உண்டு. தமிழ்த் தலைப்புகளுக்கு ரீசைஸ்பாக்ஸில் உயரம் குறிப்பது ஆபத்து. "கலை" என்ற சொல்லும் "மூழ்கு" என்ற சொல்லும் ஒரே உயரத்துக்கு இழுக்கப்பட்டால் எழுத்தளவு வேறுபடும். புள்ளியும் கொம்பும் கீழிறங்கும் சுழியும் பெட்டியின் உயரத்தையும் ஆழத்தையும் சொல்லுக்குச் சொல் மாற்றுவதே காரணம். ரீசைஸ்பாக்ஸின் நட்சத்திரக் குறியிட்ட வடிவம் ஆழத்தையும் சேர்த்து அளக்கும், ஆனாலும் இந்த வேறுபாடு போகாது. எல்லாத் தலைப்புக்கும் ஒரே பெருக்கெண்ணுடன் ஸ்கேல்பாக்ஸ் போடுவது ஒரு வழி. அதைவிட, எழுத்துருவையே வேண்டிய அளவில் அழைப்பது மேல்.

அகலமான அட்டவணையை ரீசைஸ்பாக்ஸில் திணிக்கும் பழக்கத்தைக் கைவிடலாம். 24 செ.மீ. அட்டவணையை 16 செ.மீ.-க்குள் அடக்கினால் 10 புள்ளி எழுத்து 6.7 ஆகும். கோடுகளும் மெலியும், "ணை", "ழ்" போன்றவற்றின் சுழிகள் அச்சில் அடைபடும். முதலில் நெடுவரிசையின் இருபுறமும் விடும் இடைவெளியான டேப்கால்செப் அளவை 6 புள்ளியிலிருந்து 3 ஆக்குங்கள். ஒவ்வொரு நெடுவரிசைக்கும் 6 புள்ளி மிச்சமாகும். பிறகு ஃபுட்நோட்சைஸ் என்ற சிறிய எழுத்தளவு. நெடுவரிசைத் தலைப்புகள் மட்டும் நீளம் என்றால் சுழற்றும் கட்டளையான ரொட்டேட்பாக்ஸில் 90 பாகை. அதனுள் வரி உடையாது என்பதால் இரண்டு வரித் தலைப்பை, வரி உடையும் பெட்டியான பார்பாக்ஸுக்குள் வைக்க வேண்டும். அப்போதும் அடங்காவிட்டால் அட்டவணையையே பக்கவாட்டில் திருப்பும், ரொட்டேட்டிங் தொகுப்பின் சைட்வேஸ்டேபிள்.

படங்களுக்கு இன்னொரு நல்ல துணை அட்ஜஸ்ட்பாக்ஸ் தொகுப்பு. எக்ஸ்போர்ட் விருப்பத்துடன் அழைத்தால் மேக்ஸ் விட்த் (அதிகபட்ச அகலம்) கிடைக்கும்: பெரிய படம் சுருங்கும், சிறிய படம் வீணாக ஊதிப் பெருகாது. 1200 பிக்சல் அகலப் படம் 10 செ.மீ. வரை அச்சில் தெளிவாக இருக்கும், ஏறக்குறைய 305 டிபிஐ. 16 செ.மீ.-க்கு இழுத்தால் 190 ஆகிவிடும். நிழற்படத்தில் கொஞ்சம் மழுங்கலாகத் தோன்றும், திரைப்பிடிப்பில் உள்ள எழுத்தில் பளிச்சென்று தெரியும்.